பத்தாயிரத்து ஒன்றாவது விளக்கு

எனக்குக் கணக்கு வராது. பேரன் பேத்திகள் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று தப்பித்துவிடுவேன். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஓர் எண்ணைப் பற்றி மட்டும் என்னிடம் கேளுங்கள். பத்தாயிரத்து ஒன்று. அதை மூன்றால் வகுத்தால் இரண்டு மீதி. ஏழால் வகுத்தால் ஐந்து. பதினொன்றுக்கு இரண்டு, பதின்மூன்றுக்கு நான்கு. பங்காளி வீட்டுத் தகராறுகளைப் போல, யாரோடு அதற்கு எவ்வளவு பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

யுத்தம் வருவதற்கு முன்னால் ஒரு கார்த்திகையில் தொடங்கி மாசியில் முடிந்த விவகாரம் இது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். எங்கள் ஊர் திருப்பரங்குன்றத்து மலைக்கு மேற்கே, மலையின் முதுகு மட்டும் தெரிகிற இடத்தில் இருந்தது. வீட்டில் தாத்தா, அப்பா, அம்மா, நான், அப்புறம் அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை பசுமலைக்கு நடந்து போய் எட்டாவது வரை படித்தவள். எங்கள் சனத்தில் அன்றைக்கு அது ஊர் வாயைப் பிளக்கிற விஷயம். ஆனால் தாத்தா அவளைப் படிக்கவிட்டது பெருமைக்காக இல்லை. "மூஞ்சிதான் இப்பிடி ஆயிப்போச்சு, நாலெழுத்தாவது தெரிஞ்சிருக்கட்டும்" என்பார், அவள் காதுபடவே.

மூன்று வயதில் அத்தைக்கு வைசூரி போட்டிருந்தது. பிழைக்க மாட்டாள் என்று எல்லாரும் கைவிட்ட அன்று, தாத்தா கண்மாய்க் கரைக்கு ஓடினார். அங்கே எங்கள் ஊர்க் கன்னிமார் கோயில். கோயில் என்றால் கோபுரம், மண்டபம் என்று நினைத்துவிடாதீர்கள். புளியமரத்தடியில் ஏழு கல், அவ்வளவுதான். பிள்ளை பிழைத்தால் விளக்குப் போடுகிறேன் என்று வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். சைபரில் முடிந்தால் ஆகாது என்று ஒன்று கூட்டி, ஆயிரத்து ஒரு விளக்கு என்பார்கள். ஏழு கன்னிமாருக்கும் ஏழு வரிசை, வரிசைக்கு நூற்று நாற்பத்து மூன்று, கச்சிதமாக உட்கார்ந்துவிடும். எந்தக் காலத்து ஆள் கண்டுபிடித்த ஏற்பாடோ, ஒரு விளக்கு மீந்து பார்த்ததில்லை.

தாத்தாவுக்கு அன்று இருந்த பயத்தில் ஆயிரம் போதவில்லை. "ஆத்தாமார்களே, பத்தாயிரத்து ஒரு வெளக்கு போடுறேன், எம் மகளக் குடுங்க" என்று கத்தியிருக்கிறார். ஆயிரத்து ஒன்று ஒழுங்காக உட்காருகிறது என்றால் பத்தாயிரத்து ஒன்றும் உட்காரும்தானே என்று நினைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் நேர்ச்சையைக் கழித்தாக வேண்டும். அத்தைக்குச் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வெற்றிலைக் கொடிக்கால், இரண்டு கிணறு, மச்சு வீடு. தை மாதம் முகூர்த்தம் என்று பேசி, பட்டுச்சேலையும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே கார்த்திகையன்று விளக்கு.

விளாச்சேரியிலிருந்து வைக்கோல் போட்டு வண்டி வண்டியாகக் கிளியாஞ்சட்டி அகல்கள் வந்து இறங்கின. புது மண்ணின் வாசனையும் இலுப்பெண்ணெய் வாசனையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில் ஊரே கூடி அடுக்கியது. ஏழு வரிசை போட்டால் பக்கத்து ஊர்ச் சோளக்காட்டுக்குள் போய்விடும் என்பதால், வரிசைக்கு நூறாக வைத்துக்கொண்டே வந்தார்கள். எத்தனை வரிசை என்பதில் சாமிக்கு வழக்கில்லை, எல்லா வரிசையும் நிறைந்திருக்க வேண்டும், அதுதான் முறை.

நானும் அத்தையும் ஓரமாக உட்கார்ந்து திரி திரித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவோடு வந்திருந்த ஒரு பெண் எங்களுக்குப் பக்கத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். யாரும் அவளோடு பேசவில்லை. கைக்கு உதவியாகக் கூட்டி வந்த ஆள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அத்தைதான் பேச்சுக் கொடுத்தாள். "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்க்கா?"

"யாருக்கு?"

"அந்த வீட்டுக்கு."

அவள் எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்தாள். "நான் மாப்பிள்ளையோட பொண்டாட்டி. ஒனக்கு யாரும் சொல்லலையா தாயி?"

அத்தை கையிலிருந்த திரி பிரிந்துவிட்டது. அந்தப் பெண்ணே சொன்னாள். "எனக்குப் புள்ள இல்ல. அதான் ஒன்னையக் கொண்டாராக. நீ வந்தா நான் மாட்டுத் தொழுவத்துப் பக்கத்துல இருக்குற அறைக்குப் போயிரணுமாம். தலையில எழுதி வச்சிருக்கு, என்ன செய்ய." சொல்லிவிட்டு மறுபடியும் செம்பை எடுத்து ஊற்ற ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தைக்கு மட்டும்தான் தெரியாது. சட்டத்தில் அன்றைக்கு அதற்குத் தடையும் இல்லை.

அந்த நேரத்தில் பொட்டலில் சத்தம் அடங்கியது. நூறு வரிசை, வரிசைக்கு நூறு, எல்லாம் வைத்து முடித்தாகிவிட்டது. தாத்தா கையில் ஒரு கிளியாஞ்சட்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார்.

பூசாரி வந்து பார்த்தார். "ஒத்தை நிக்குதே."

"ஒரு ஓரமா வச்சுருவமே."

"வைக்கலாம். ஆத்தாமாரு வாங்க மாட்டாக. ஒத்தை நின்னா, யாருக்காக வேண்டுனமோ அவுகளும் ஒத்தையா நின்னுபோவாக. வேற வரிசையாப் பிரிங்க."

குச்சியால் தரையில் கணக்குப் போட்டார்கள். ஏழு வரிசையா? ஐந்து மீதி. பதினொன்றா? இரண்டு. பதின்மூன்றா? நான்கு. அந்த ஒன்றை விட்டுவிடலாமே என்றார் ஒருவர். சாமியை ஏமாற்றவா என்று நாலு பேர் பாய்ந்தார்கள். இன்னொன்று கூட வைத்தால்? அது யாருடைய நேர்ச்சை என்று கேட்டார் பூசாரி. ஒரே வரிசையாக வைத்தால் மீதியே வராதே என்று அம்மா வழி மாமா ஒருவர் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னார். அப்படி வைத்தால் கடைசி விளக்கு ரயில் ரோட்டில் போய் நிற்கும், அதைப் பொருத்துவதற்குள் முதல் விளக்கு அணைந்துவிடும் என்று எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. "பக்கத்துல வரிசை இருந்தாத்தான் அதுக்குப் பேரு வரிசை" என்றார். அதற்குள் தூறல் விழுந்தது. ஒரு விளக்குகூடப் பொருத்தாமல் எல்லாவற்றையும் கூடையில் அள்ளினோம்.

மாப்பிள்ளையின் அம்மா வண்டியில் ஏறும்போது தாத்தாவிடம் சொன்னாள். "தை கடைசி வரைக்கும் பாக்குறோம் சம்பந்தி. நேந்துக்கிட்டதக் கழிக்காத பொண்ண எங்க வீட்டுக்குள்ள விட முடியாது. முடிஞ்சா முகூர்த்தம். முடியலேன்னா சேலையத் திருப்பிக் குடுத்துருங்க."

அத்தையைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அம்மா போய் அணைத்துக்கொண்டாள். நானும் அழுகை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் தாத்தா நீராகாரம் குடித்துக்கொண்டிருக்கும்போது அத்தை முன்னால் போய் நின்றாள். "அய்யா, எனக்கு அந்த எடம் வேணாம்."

"ஏனாம்?"

"அவுகளுக்குப் பொண்டாட்டி இருக்கு."

"இருந்தா என்ன? ஒன்னைய மூஞ்சியப் பாக்காமக் கட்டிக்கிறேன்னு வந்துருக்கான். இத விட்டா எவன் வருவான்? நான் கண்ண மூடிட்டா நீ எங்கிட்டுப் போவ? பேசாமப் போ."

அவள் அம்மாவிடம் போனாள். "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க." அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டே, "நான் என்னத்தச் சொல்ல தாயி, மாமா முன்னாடி நின்னு பேசுனதே இல்லையே" என்றாள். அப்பாவிடமும் சொன்னாள். அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். வாயில் கொழுக்கட்டை.

அதற்கப்புறம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வகுத்தல்தான். டீக்கடை எல்லாம் அப்போது ஏது, கிணற்றடியில், களத்தில், அரிவாளைச் சாணை பிடிக்கிற இடத்தில். தாத்தாவுக்குப் பட்டப்பெயரே பத்தாயிரத்தொண்ணு என்று ஆகிவிட்டது. பசுமலையிலிருந்து அத்தையின் பழைய வாத்தியாரைச் சைக்கிளில் வரவழைத்தார் தாத்தா. நல்ல மனுஷன். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். நாற்பத்தேழு வரைக்கும் போனார். "ஐயா, நூற்றியொண்ணு எதாலயும் வகுபடாது. இதுவும் அதே சாதிதான்" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு கூடை அவரைக்காய் வாங்கிக்கொண்டு போனார். அத்தை அவருக்குக் காப்பித் தண்ணி கொடுத்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

எல்லாரும் வகுத்துக்கொண்டிருந்தபோது நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். வகுத்தல் எனக்குக் கஷ்டம். பெருக்கலில் அந்த எண் ஒரு வேடிக்கை காட்டும். நாலு இலக்க எண் எதையாவது அதால் பெருக்கிப் பாருங்கள். 4716 என்றால் 47164716. 1938 என்றால் 19381938. போட்ட எண்ணே இரட்டைப் பிள்ளையாக வந்து நிற்கும். ரயில் ரோட்டுப் பக்கம் போய் நின்று, கூட்ஸ் வண்டிப் பெட்டிகளில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துக்கொண்டு வந்து பெருக்குவேன். யாரிடமாவது சொன்னால், "வேல வெட்டி இல்லாத கழுத" என்பார்கள்.

அப்பாவும் ஒரு சிலேட்டை எடுத்தார். இதுதான் யாரும் எதிர்பார்க்காதது. என் சிலேட்டுத்தான். சாப்பிட்டுவிட்டு அரிக்கேன் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, நாளுக்கு ஒரு எண். "வாத்தியார் ஆயிரம் சொல்லட்டும். நான் ஒண்ணு விடாமப் பாக்குறேன்" என்று தாத்தாவிடம் சொன்னார். பதினாலில் தொடங்கினார். பதினைந்து, பதினாறு, பதினேழு என்று போனார். நாக்கைத் துருத்திக்கொண்டு, விரலை மடக்கி, ஒரு எண்ணுக்கு ஒரு பொழுது எடுத்துக்கொள்வார். மீதி வந்ததும், "வரல" என்று சொல்லிவிட்டுக் கோவை இலையால் தேய்த்து அழிப்பார். பச்சை வாடை வீடெல்லாம் அடிக்கும். தாத்தா தினமும் கேட்பார், "எது வரைக்கும் போயிருக்கு?" என்று. "முப்பத்தெட்டு." "ம்." அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

மார்கழியில் அத்தையும் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு தொழுவத்தில் உட்கார ஆரம்பித்தாள். விளக்குகளைக் கொட்டி வைத்திருந்ததும் அங்கேதான். கோழி ஒன்று அதற்குள் முட்டை வேறு இட்டு வைத்திருந்தது. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "பாவம், கல்யாணத்துக்கு எம்புட்டு ஏங்குது பாரு புள்ள." நான் அவளிடமே கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதற்குத் தேடுகிறாய் என்று.

"எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானடி, யாரு அதுக்குப் பக்கத்துல போறாகன்னு பாத்துக்கிர முடியும்?"

அவள் தேடிய விதம் வேறு. அதை எனக்கு விளக்குகளை வைத்தே காட்டினாள். ஆறு விளக்கை மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்து, "அந்தப் பக்கம் வந்து பாரு" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டிரண்டாக மூன்று வரிசை. "நூறு நூறு பத்தாயிரம். நூறு வரிசைக்கு மேல போட்டா, வரிசையில வெளக்கு நூறுக்குள்ள வந்துரும். திரும்பி நின்னா அதுவே நூறுக்குள்ளதான். அதுனால நூத்துக்கு மேல தேட வேண்டியதே இல்ல." இன்னொன்றும் சொன்னாள். கடைசியில் ஒன்று இருப்பதால் இரட்டைப்படை எதுவும் வராது. ஏழுக்கு வராதது பதினாலுக்கும் இருபத்தொன்றுக்கும் வரவே வராது. அப்படிக் கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது கை விரலும் கால் விரலும் போட்டு எண்ணுகிற அளவுதான். இதையெல்லாம் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா நாற்பதைக் கொண்டு வகுத்தால் வகுத்துக்கொண்டு போகட்டும் என்று இருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் என்னைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டாள். முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது.

"நாலு இலக்கத்துல ஒரு எண்ணு சொல்லு."

"2345."

"அத 137-ஆல பெருக்கு."

பெருக்கினேன். 321265 வந்தது.

"இப்ப வந்தத 73-ஆல பெருக்கு. தப்பில்லாமப் போடு."

போட்டேன். சிலேட்டின் அடியில் வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 23452345. என் இரட்டைப் பிள்ளை! பத்தாயிரத்து ஒன்றைத் தவிர வேறு யாரும் இப்படிப் பெற்றுப்போட மாட்டார்கள். 137-ம் 73-ம் சேர்ந்தால் அதுதான். எழுபத்து மூன்று வரிசை, வரிசைக்கு நூற்று முப்பத்தேழு.

"அத்தே! வந்துருச்சு!" என்று கத்தப் போனவளின் வாயை அவள் பொத்தினாள். தன் வகுத்தல் சரியா என்று இன்னொரு கையால் பார்த்துக்கொள்ளத்தான் சுற்றி வளைத்து என்னைப் போடச் சொன்னாள். எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாள். அந்த மாதம் முழுக்க அவள் போட்ட கணக்கில் தப்பியது அது ஒன்றுதான்.

"வெளிய சொன்னியோ, தையில என்னைய அந்த வீட்டுக்கு அனுப்பிருவாக. அந்தக்கா தொழுவத்து அறைக்குப் போயிரும். ஒன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஐயோ, அந்தத் தை மாதத்தை எப்படிக் கடத்தினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பொங்கலைக்கூடக் கோழிக்குப் போட்டுவிட்டேன். யாராவது எழுபது ரூபாய் என்று பேசினால்கூடத் தூக்கிவாரிப் போடும். தினமும் இருட்டியதும் அப்பா சிலேட்டோடு உட்காருவார். அறுபத்தைந்து. வரல. அறுபத்தாறு. வரல. அத்தை பாத்திரம் கழுவுகிற சாக்கில் எட்டி எட்டிப் பார்ப்பாள். அவருக்கு நடுவில் காய்ச்சல் வராதா, ஊருக்குப் போக மாட்டாரா என்று நான் கன்னிமாரிடமே வேண்டிக்கொண்டேன். ஒரு காய்ச்சலும் வரவில்லை. தண்ணீர் பாய்ச்சிவிட்டு நடுங்கிக்கொண்டு வந்த நாளில்கூட வகுத்தார்.

தாத்தாவைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஊர்க் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "எம் புள்ளையக் காப்பாத்துறேன்னு என் வாயாலயே கெடுத்துப்புட்டேனே" என்று ஒரு நாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். அத்தை நிலைப்படியில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். செம்பை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

தை கடைசி நாள். அப்பா எழுபத்திரண்டைப் போட்டார். அறுபத்தைந்து மீதி. கோவை இலையால் நிதானமாகத் தேய்த்தார். "வரல. நாளைக்கி எழுவத்து மூணு" என்றார். அத்தை கையிலிருந்த கிண்ணம் விழுந்து உருண்டது.

மறுநாள் விடிந்ததுமே சோழவந்தான் வண்டி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கவே இல்லை. அம்மா தட்டில் வைத்துப் பட்டுச்சேலையைக் கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்க மேல தப்பு இல்ல. ஒங்க ஆத்தாமாருக்கே இஷ்டமில்ல" என்றாள். வண்டி கண்மாய்க் கரையில் திரும்பி மறைகிற வரைக்கும் அத்தை அசையவில்லை. மறைந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு மாதமாகப் பசிக்காத பசியெல்லாம் சேர்ந்து வந்து, பழைய சோறும் வெங்காயமும் ஒரு வட்டில் தின்றேன்.

அன்று சாயங்காலம் அப்பா சிலேட்டை எடுக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் போகட்டும் என்று பொறுத்திருந்து அத்தை தாத்தா முன்னால் போய் உட்கார்ந்தாள். "அய்யா, எழுவத்து மூணு வரிசை. வரிசைக்கு நூத்தி முப்பத்தேழு. மீதி இல்ல."

தாத்தா நம்பவில்லை. அவருக்குத் தெரிந்த முறையில், நூற்று முப்பத்தேழைப் பத்துப் பத்து வரிசையாகக் கூட்டிக் கூட்டிச் சுவரில் கரிக்கோடு இழுத்தார். கடைசிக் கோடு இழுத்ததும் கை நின்றது. முகம் முதலில் பிள்ளை முகம் போல மலர்ந்தது. அப்புறம் சுருங்கியது.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"மார்கழியில."

"மார்கழியிலயா?" அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அடி விழப் போகிறது என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தாத்தாவின் குரல் மட்டும் கேட்டது. "அந்த எடம் புடிக்கலேன்னா வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல கழுத? என்னைய ஊரு சிரிக்க வச்சுட்டியே!"

"சொன்னேன்யா. ஒங்ககிட்டச் சொன்னேன். மதினிகிட்டச் சொன்னேன். அண்ணங்கிட்டச் சொன்னேன். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீக. ஆத்தாமாரு சொன்னாத்தான கேப்பீக?"

தாத்தா துண்டை எடுத்து உதறினார், மறுபடியும் மடித்தார், மறுபடியும் உதறினார். கடைசியில், "பூசாரிய வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

மாசி மகத்தன்று விளக்குப் போட்டோம். உடைந்தவற்றுக்குப் பதில் வாங்கி, எண்ணிச் சரிபார்த்து, எழுபத்து மூன்று வரிசை. கடைசி வரிசையின் கடைசி இடத்தில் தாத்தா கையிலிருந்த விளக்கு போய் உட்கார்ந்தபோது ஊரே ஒரு பெருமூச்சு விட்டது. பூசாரி குனிந்து குனிந்து மீதி தேடினார். ஒன்றும் இல்லை. அந்திக் காற்று நல்லவேளையாக அடங்கியிருந்தது. பொட்டல் முழுக்கப் பொன் கொட்டிய மாதிரி இருந்தது, கண்மாய்த் தண்ணீரில் இன்னொரு பத்தாயிரத்து ஒன்று. தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தை அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். திடீரென்று கேட்டாள். "அண்ணே, இருபதால எதுக்கு வகுத்தீக?"

"எது?"

"ஒத்தப்படை எண்ண இருபதால வகுத்தீக. முப்பத்தாறால வகுத்தீக. நாப்பதால வகுத்தீக. களத்துல நெல்லு மூட்டைய ஒத்தை ரெட்டை பாத்தே பங்கு பிரிக்கிற ஆளு நீங்க. ஒங்களுக்கா தெரியாது?"

அப்பா விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் படிக்காதவன் தாயி. ஒண்ணு விடாமப் பாத்துறணும்ல?" என்றார். சிரிப்பை அடக்கிய மாதிரி மீசை மட்டும் ஒரு பக்கம் கோணியது. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த முறை நிஜமான அழுகை. அப்பாவை நான் மந்தபுத்தி என்று நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. தன் தகப்பனார் முன்னால் வாய் திறக்க முடியாத ஒரு மனுஷன், வேண்டாத எண்களையெல்லாம் வரிசையாக வகுத்துத் தை மாதத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல ஆசைதான். சோழவந்தான்காரர்கள் அடுத்த வருஷமே வேறு ஊரில் பெண் எடுத்தார்கள் என்று கேள்வி. எண்ணெய் சிந்தாமல் ஊற்றிய அந்த அம்மாள் தொழுவத்து அறைக்குத்தான் போயிருப்பாள். அந்தச் செய்தி வந்த அன்று அத்தை சாப்பிடவில்லை. "நமக்கு மட்டும் கணக்கு வந்துச்சு" என்று சொன்னாள்.

வைகாசியில் திருமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சைக்கிள் கடை வைத்திருந்தான், மூத்த தாரம் எதுவும் கிடையாது என்பதை அப்பா நேரில் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். பையனின் தகப்பனாரும் பெரியப்பாவும் பாயில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். வழக்கப்படி அடுத்து தாத்தா தட்டை மாற்ற வேண்டும்.

தாத்தா தட்டைத் தொடவில்லை. உள் கதவுப் பக்கம் திரும்பினார்.

"இந்தா தாயி, இப்பிடி வா. ஒனக்குச் சம்மதமா? மனசுல உள்ளத இப்பவே எல்லாருக்கும் முன்னாடி சொல்லிரு. அம்புட்டு வெளக்க இன்னொரு தடவ அடுக்க எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல."

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்ணிடம் போய் இப்படிக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. நாங்களும்தான் பார்த்ததில்லை. அத்தை கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்யா."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தாத்தா மெதுவாகத் தலையாட்டினார். பிறகு வந்தவர்களைப் பார்த்து, "இருந்து சாப்பிட்டுப் போங்க. பதில எம் மக சொல்லி அனுப்புவா" என்றார்.